எலித்தெருவின் தலைசிறந்த வாசகர்

வார்ஸா நகரின் மிஷா தெருவில் கொலுவிருந்த தணிக்கையாளர் பெருமானே! மிஷா தெரு என்றால் எலித்தெரு. 1946இல் பிறந்து 1990இல் கண்மூடிய தங்கள் அலுவலகத்தைப்போல் இலக்கியத்தை ஊன்றிப் படித்தவர் யார்? காற்புள்ளிக்குள்ளும் கலகம் ஒளிந்திருக்கும் என்று நம்பிப் படித்தவர் தாங்கள் அல்லவா!

போருக்குப் பிந்தைய போலந்துப் புனைகதையில் யாருடைய செல்வாக்கு மிகுதி? கான்ராட் என்பார் உண்டு. காஃப்கா என்பார் உண்டு. ஆனால் பேனாவை எடுக்கும்போதே எழுத்தாளர் மனத்தில் வந்து உட்கார்ந்தவர் தாங்கள். முதலிடம் தங்களுக்கே.

பழம்பெரும் கவிஞரைத் தங்களைப்போல் மதித்தவரும் இல்லை. மிட்ஸ்கியேவிச் 1855இலேயே இறந்துவிட்டார். 1968இல் அவருடைய நாடகத்தை மேடையிலிருந்து இறக்கி, அவர் இன்னும் உயிரோடிருக்கிறார் என்று மாணவர்களுக்கு உணர்த்தினீர்கள். அவர்களும் வீதிக்கு வந்து அதை ஒப்புக்கொண்டார்கள்.

தங்கள் காலத்தில் வள்ளன்மைக்கும் குறைவில்லை. நாஜிகள் மனநோயாளிகளைக் கொன்றதைப் பற்றி இளைஞர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1948இல் ஒரு நாவல் எழுதினார். நம்பிக்கை போதவில்லை, ஈடுகட்ட இன்னும் எழுது என்றார்கள் பதிப்பகத்தார். ஒன்று மூன்றாகி 1955இல் வெளிவந்தது. கேளாமலே இரண்டு பாகம் கொடுத்த கை அது.

நாவலாசிரியர் ஆந்த்ஷெயெவ்ஸ்கியைக் கற்பனையில் ஸ்பெயினுக்கே அனுப்பிவைத்தீர்கள். ஸ்டாலின் காலத்து அச்சத்தைச் சொல்ல அவர் பழைய மதவிசாரணை மன்றத்தைத் தேடிப் போனார். வரிகளுக்கு நடுவே படிக்கும் வித்தையை ஒரு தேசமே தங்களிடம் கற்றது.

மாரெக் ஹ்வாஸ்கோவின் காதலர்களுக்கு வார்ஸாவில் தனித்திருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. 1956இல் அவர் அந்தக் கதையை எழுதினார். அவருக்கோ தாங்கள் உலகத்தையே திறந்துவிட்டீர்கள். 1958இல் வெளியே போனவர் திரும்பி வர அனுமதி கேட்டும் கதவு திறக்கவில்லை. 35 வயதில் ஜெர்மனியில் இறந்தார்.

ஒருவரை அச்சிடாதே என்னும் தங்கள் குறிப்புக்கு 'ஸாப்பிஸ்' என்று பெயர். தடைபட்ட எழுத்தாளர்கள் 1977இல் ரகசியமாகத் தொடங்கிய இதழுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். இப்படியொரு காணிக்கை எந்த விமர்சகருக்குக் கிடைத்தது?

அதே ஆண்டு தங்கள் ஊழியர் ஒருவர் கட்டளைத் தாள்களோடு சுவீடனுக்குக் கப்பலேறினார். அவை லண்டனில் நூலாயின. தாங்களும் எழுத்தாளரானீர்கள், தங்கள் நாட்டில் மட்டும் அந்த நூலைக் கடையில் வைக்க முடியவில்லை.

ஆனால் தங்கள் பெரும்படைப்பு அதுவன்று. தாங்கள் வெட்டிய பக்கங்கள் பல மீண்டும் அச்சேறிவிட்டன. தங்களை நினைத்து எழுதாமலே விட்ட பக்கங்கள் இருக்கின்றனவே, அவற்றை எந்த நூலகத்திலும் தேட முடியாது. அவை முழுக்க முழுக்கத் தங்களுடையவை. அந்தப் புகழில் வேறு எவருக்கும் பங்கில்லை.