பத்தாவது ஆள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியைப் பற்றி ஒரு சிறு முதலீட்டாளரிடம் காலை ஒன்பதேகாலுக்குக் கேட்டால், "இவங்க யாரு என்னைக் கேக்க?" என்பார். மாலை மூன்றரைக்குக் கேட்டால், "இவங்க தூங்கிக்கிட்டு இருந்தாங்களா?" என்பார். இடையில் சந்தை நடந்து முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

குரோம்பேட்டையில் என் பெரியப்பா வீட்டில் இந்த இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. பெரியப்பா மாலைக் கட்சி. அவர் மகன், எனக்கு அண்ணன், காலைக் கட்சி. பெரியம்மா எந்தக் கட்சியிலும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெரியப்பா ஹர்ஷத் மேத்தா பங்கு ஊழல் காலத்து ஆள். "திருடன் போன பிறகு நாய் வாங்கின கதைடா செபி" என்பார். செபி 1988-லேயே வந்துவிட்டது, அதற்கு அதிகாரம் கொடுத்த அவசரச் சட்டம் 1992 ஜனவரியில் வந்தது, ஊழல் வெளியானது அந்த ஏப்ரலில்தான் என்று ஒருநாள் தேதிவாரியாக எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்போ நாய் வாசல்ல இருக்கும்போதேதான் தூக்கிட்டுப் போனானா?" என்றார். செபிக்கு வக்காலத்து வாங்கப் போனால் இந்தக் கதிதான்.

அவர் கேட்பதெல்லாம் வெளிப்படைத்தன்மை. அதில் செபி குறை வைப்பதில்லை. லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் அன்று இரவே கான்ட்ராக்ட் நோட் வந்துவிடும். பான் நம்பரைப் போட்டுத் திறந்தால் வரிவரியாகக் கணக்கு: பங்குப் பரிவர்த்தனை வரி 100 ரூபாய், முத்திரைத் தீர்வை 15 ரூபாய், செபி கட்டணம் 10 பைசா. அந்தப் பத்துப் பைசாவுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பெரியப்பா இதைப் பிரிண்ட் எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "பத்துப் பைசா வாங்குறவன் பத்துப் பைசா வேலைதானே பார்ப்பான்?"

புதிய பங்கு வெளியீடு வந்தால் கம்பெனி நானூறு, ஐந்நூறு பக்கத்துக்கு விளக்க ஆவணம் போடுகிறது. எங்கள் தொழில் எப்படியெல்லாம் கவிழலாம், எங்கள் மேல் என்னென்ன வழக்கு இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை இவ்வளவு சொல்லியிருந்தால் ஊரில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது. பெரியப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஜிஎம்பி எவ்வளவு?" அதாவது கிரே மார்க்கெட் பிரீமியம். செபியின் கட்டுப்பாட்டுக்குள் வராத சந்தையில் முகம் தெரியாத யாரோ சொல்லும் விலை. அதில் அவருக்குப் பூரண நம்பிக்கை.

அவருடைய நிஜமான வருத்தம் வேறு. ஒரு காலத்தில் பல கம்பெனிகளில் பத்துப் பத்துப் பங்கு வைத்திருந்தார். லாபத்துக்காக அல்ல, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்காக. நாரத கான சபா, மியூசிக் அகாடமி, காமராஜர் அரங்கம் என்று கச்சேரி ரசிகர்களுக்குச் சமமாகச் சுற்றுவார். தலைவரின் உரை முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு ஸ்வீட் பாக்ஸோடு வீடு திரும்புவார். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து கூட்டத்தில் பரிசுப் பொருளோ கூப்பனோ அதற்குப் பதில் பணமோ தரக்கூடாது என்று விதி வந்துவிட்டது. அது செபி போட்ட விதியில்லை, கம்பெனிச் செயலாளர்கள் கழகம் வகுத்த நெறி என்றேன். "எல்லாம் ஒரே கோஷ்டி" என்றார். கொரோனாவுக்குப் பிறகு கூட்டமே வீடியோவுக்குப் போய்விட்டது. அவர் பதிவுசெய்து ஒரு கூட்டத்தில் கேள்விகூடக் கேட்டார். மைக் ஆன் ஆகவில்லை.

அண்ணன் விஷயம் வேறு மாதிரி. அவன் எஃப் அண்டு ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள் பண்ணுகிறவன். ஆப்பைத் திறந்தவுடன் திரை முழுக்க ஒரு எச்சரிக்கை: தனிநபர் வர்த்தகர்களில் 10 பேருக்கு 9 பேர் நஷ்டமடைகிறார்கள். 2023 ஜூலையிலிருந்து புரோக்கர்கள் இதைக் காட்டியே ஆகவேண்டும். அண்ணனின் கட்டைவிரல் அதை மூடும் பொத்தான் இருக்கும் இடத்தில் முன்கூட்டியே காத்திருக்கும். "படிச்சியாண்ணே?" என்றால், "அது அந்த ஒன்பது பேருக்குடா" என்பான். நான் பேசிப் பார்த்த எஃப் அண்டு ஓ ஆட்கள் எல்லாருமே பத்தாவது ஆள்தான். அந்த ஒன்பது பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தால் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள், அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதோடு விடாமல் அந்த நவம்பரில் குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தி, வாராந்திர எக்ஸ்பைரியையும், அதாவது வாரம்தோறும் முடியும் ஒப்பந்தங்களையும், எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்று என்று குறைத்தார்கள். "எங்க பொழப்புல ஏன் மண்ணைப் போடறாங்க?" என்று அண்ணன் கொதித்தான். அடுத்த ஜூலையில் அமெரிக்க நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட், எக்ஸ்பைரி நாட்களில் குறியீட்டை ஆட்டிவைத்து லாபம் பார்த்தது என்று சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்கச் செபி உத்தரவிட்டது. நிறுவனம் மறுத்தது. உடனே அண்ணன் அப்பாவின் கட்சியில் சேர்ந்துவிட்டான். "இத்தனை நாள் தூங்கிக்கிட்டு இருந்தாங்களா?"

இந்த ஒரு இடத்தில் நானும் அவன் பக்கம்தான். தினமும் காலையில் எங்கள் மூஞ்சிக்கு முன்னால் எச்சரிக்கை போடுகிறவர்கள், எதிர்ப்பக்கம் யானை நிற்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நூறு பக்கத்துக்கு மேல் உத்தரவு எழுதி, யானை எந்தக் கால் எங்கே வைத்தது என்று பிறகு விளக்குகிறார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியில் வெளிப்படைத்தன்மை வேலை செய்தது தபால் வழியாக. பங்கு வாங்கி விற்ற மாதங்களில் டெபாசிட்டரியிலிருந்து ஒருங்கிணைந்த கணக்கறிக்கை வரும். எந்தப் பங்கு எத்தனை, இன்றைய மதிப்பு என்ன, மியூச்சுவல் ஃபண்டு எவ்வளவு, எல்லாம் ஒரே இடத்தில். காகிதத்தில்தான் வேண்டும் என்று பெரியப்பாவே எழுதிக் கொடுத்திருந்தார். போன மாதம் அவர் வாக்கிங் போன நேரத்தில் தபால்காரர் உறையைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெரியம்மா முதல் பக்கத்திலிருந்து அடிக்குறிப்பு வரை படித்தாள். நான் போனபோது பெரியப்பா சோபாவில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"நாமினி இடத்துல 'வேண்டாம்'னு போட்டிருக்கு. யாரு வேண்டாம்?"

"அது சும்மா ஃபார்மாலிட்டி."

"இந்தக் கம்பெனிக்கு நேரே மதிப்பே இல்லாம கோடு போட்டிருக்கே? வித்தா என்ன கிடைக்கும்?"

"அதை விக்க முடியாது. வர்த்தகத்தை நிறுத்தி வெச்சிருக்காங்க."

"எப்போ இருந்து?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். "டேய், நீதானே செபி வக்கீல். சொல்லேன்டா."