நாக்காவிலிருந்து நிதிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: மும்பை முலுண்டில் குடியிருக்கும், நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு ரீசார்ஜ்தாரர்.
பெறுநர்: உயர்திரு நிர்வாகி அவர்கள், டிஜிட்டல் பாரத் நிதி, புது தில்லி.
பொருள்: கிராமத்துக்கு இணையம் கொண்டுபோகும் பந்தயத்தில் ஓடாதவர்களையும் பாராட்டுவது தொடர்பாக.

ஐயா,

2002இல் பிறந்து, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் புதுப் பெயர் சூட்டிக்கொண்ட தங்கள் நிதிக்கு நானும் படியளக்கிறவன்தான். தொலைபேசிக் கம்பெனிகளின் வருமானத்தில், கழிக்க வேண்டியதைக் கழித்து, 100க்கு 5 ரூபாய் தங்களுக்கு வருகிறது. அந்த வருமானம் என்னைப் போன்றவர்களின் ரீசார்ஜிலிருந்துதான் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முலுண்ட்காரர்களுக்கு நாக்கா பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மும்பைக்குள் நுழைகிற ஐந்து டோல் நாக்காக்களில் இரண்டு எங்கள் பக்கம். ஆக்ட்ராய் என்கிற நுழைவு வரி 2017 ஜூலையில் ஒழிந்தது, கார்களுக்கு டோல் 2024 அக்டோபரில். அதுவரை நாங்கள் கற்ற பாடம் இதுதான்: சாலையை யார் வேண்டுமானாலும் போடட்டும், குறுக்குக் கட்டையைத் தூக்குகிறவன்தான் ராஜா.

தங்கள் கண்ணாடியிழைச் சாலையில் கட்டையே கிடையாது என்றுதான் 2011 அக்டோபரில் தொடங்கினீர்கள். 2.5 லட்சம் பஞ்சாயத்துகளுக்கு அரசுப் பணத்தில் கேபிள். பெரிய கம்பெனியோ ஊர்க் கேபிள்காரரோ, கேட்டவருக்கெல்லாம் பாரபட்சமின்றி வாடகைக்கு. எல்லாம் இரண்டு வருடத்தில். முதல் ஒரு லட்சம் பஞ்சாயத்துகள் முடிந்ததே 2017 டிசம்பரில்தான். தாமதத்தைச் சொல்லலாம், பாரபட்சத்தைச் சொல்ல முடியாது: பஞ்சாயத்து ஆபீஸ் வரை வந்து படுத்துவிட்ட இழைகள் எல்லாக் கம்பெனிக்கும் சமமாகவே இருட்டாகக் கிடந்தன.

போட்டியே இல்லையென்று பழி சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு இழை போட ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் டெண்டர் வந்தது. சிலருக்கு மட்டும் வாசல் திறக்கும்படி நிபந்தனைகளை மாற்றிவிட்டார்கள் என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் மத்திய அரசே அந்த டெண்டரை ரத்து செய்து, திருத்தி மறுபடி விடச் சொன்னது. பள்ளம் தோண்டுவதற்கு இவ்வளவு அடிதடியா என்று நாங்கள் மலைத்துப்போனோம்.

அடுத்த வருடமே கம்பெனிகளிடம் வேறொன்றைச் சொன்னீர்கள். 16 மாநிலங்களில் இழையைப் போட்டு, 30 வருடம் நீங்களே நடத்தி, ஊராரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாத பங்குக்கு 19,041 கோடி வரை நாங்கள் தருகிறோம் என்றீர்கள். ஒருவரும் வரவில்லை. 2022இல் அந்த டெண்டரையும் சுருட்டி வைத்தீர்கள். தோண்டுவதென்றால் புகார் போகும் அளவுக்குப் போட்டி. தோண்டிய இழையில் சேவை நடத்தி, மாதாமாதம் வீட்டுக்காரரின் ஏச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றதும் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. இங்கே முலுண்டில் ஒரு கட்டடத்து வாசலில் இரண்டு கம்பெனிப் பையன்கள் நோட்டீஸோடு முட்டிக்கொள்கிறார்கள். அதில் ஒருவரையாவது திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடாதா?

2023 ஆகஸ்டில் தாங்கள் தெளிந்துவிட்டீர்கள். நாடு முழுவதற்கும் 1,39,579 கோடி. கட்ட 3 வருடம், பராமரிக்க 10 வருடம், பணம் அரசுடையது. இம்முறை கம்பெனிகள் வந்தன. இதற்கு நடுவே, நிதியில் இருக்கிற பணம் தீரும்வரை அந்த 5 ரூபாயை நிறுத்திவையுங்கள் என்று கம்பெனிகளின் சங்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிறுத்தினால் என் ரீசார்ஜ் குறையுமா என்று மட்டும் அவர்கள் சொல்லக் காணோம்.

விண்ணப்பம் ஒன்றுதான். ஊராட்சி ஆபீஸ் சுவரில், ஊரக வேலைக் கணக்குக்குப் பக்கத்தில், இந்த ஊருக்கு எத்தனை இழை வந்தது, எத்தனை எரிகிறது, யார் வாடகைக்கு எடுத்தார், என்ன வாடகை என்று பெயிண்டில் எழுதி வையுங்கள். அதைப் படித்துவிட்டு ஊர்க் கேபிள்காரர் வந்தால், மூன்று வருட டர்ன்ஓவர் சான்றிதழ் கேட்காமல் அவருக்கும் ஓர் இழையைக் கொடுங்கள். எதற்கும் டெண்டர் விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பெயிண்டுக்கு விடுங்கள். அதற்குக் கூட்டம் வரும்.

இப்படிக்கு,
100க்கு 5