கூரை போடாத கோச்சிப் பெட்டி

வன்னியில் எந்தக் குடியேற்றத் திட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். எல்லா வேலையும் தெரியும். எந்த வேலையும் முடியாது. தண்ணீர் மோட்டரைக் கழற்றுவார், திருப்பிப் பூட்டுவதற்குள் ஒரு போகம் கழிந்துவிடும். எங்கள் அண்ணை அந்த வர்க்கத்தில் முதல்தரம். அவர் கட்டுவது கோச்சிப் பெட்டி. மரத்தில். நீளம் பதினாலு சென்ரிமீற்றர்.

இளைப்பாறிய நில அளவையாளர். வீடு கிளிநொச்சியில், தண்டவாளத்துக்கு நாலு வளவு தள்ளி. 2011இல், ஓமந்தை வரைக்கும் றெயில் வந்த வருசம், ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு பார்சல் அனுப்பினார். கனடாப் பார்சல் என்றதும் சொக்லேற், மணக்கிற சவர்க்காரம் என்று வீடே கூடி நின்றது. திறந்தால் குச்சி. கட்டுக்கட்டாகக் குச்சி, சிலது ஈர்க்கைவிட மெல்லிசு. கோடு கீறிய பலகைத் துண்டு நாலு, கொஞ்சம் பித்தளைக் கம்பி, கடுகளவில் உலோக வார்ப்புகள் ஒரு சிறங்கை, நாலாய் மடித்த வரைபடம். கூடி நின்ற ஒரு மாமி குச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பல்லுக் குத்திறதுக்கே தம்பி இவ்வளவும் அனுப்பினவர்?"

அது அமெரிக்கச் சாமான் பெட்டி ஒன்றின் 87இல் ஒரு பங்கு. மாதிரி றெயில் கட்டும் இந்தக் கலையில் இரண்டு ரகம். ஒன்று பிளாஸ்ரிக், அட்டைப்பெட்டியைக் குலுக்கினால் உள்ளே வண்டி தானே பூட்டுப்பட்டுவிடும் என்று அந்த உலகத்தில் பகிடி பண்ணுவார்கள். மற்றது இது. குச்சியை மட்டும் தருவார்கள். தச்சனும் கொல்லனும் பெயின்ரரும் நீங்களேதான். லாபெல், அம்ப்ரோய்ட் என்று இதற்குப் பேர்போன அமெரிக்கக் கொம்பனிகள் இருந்தன. அவற்றின் பெயரைச் சொல்லும்போது அண்ணையின் குரலில், பழைய நாதஸ்வர வித்துவான்களைச் சொல்லும்போது வருகிற பணிவு வரும்.

முதல் ஆறு மாதம் வரைபடம் படித்தார். பிறகு அளந்தார். அளந்ததுதான் வினை.

"அமெரிக்கன்ரை தண்டவாளம் 1435 மில்லிமீற்றர் அகலம். 87ஆல பிரிச்சா பதினாறரை. எங்கடை 1676. பிரிச்சுப் பாரும் தம்பி."

பிரித்தேன். 19.26.

"அப்ப இந்தப் பெட்டி எங்கடை பாதையில ஓடுமே?"

அவர் வீட்டில் பாதையே கிடையாது. இழுக்க எஞ்சினும் கிடையாது. ஆனாலும் இரண்டே முக்கால் மில்லிமீற்றர் பிழையோடு ஒரு பெட்டி தன் மேசையில் நிற்பதை, முப்பது வருசம் காணி அளந்த மனிசன் எப்படிப் பொறுப்பார்? அச்சுகளை நீட்டத் தொடங்கினார். அதில் இரண்டு வருசம் போயிற்று.

வெளியே நிசப் பாதை வந்துகொண்டிருந்தது. 1990இல் நின்ற கோச்சி. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போய், மேடு பற்றை மூடி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் றெயிலைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த வழி அது. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் போட்டுக்கொண்டு வந்தது. 2013 செப்ரெம்பர் 14 கிளிநொச்சி. அடுத்த மார்ச்சில் பளை, ஒக்ரோபரில் யாழ்ப்பாணம், 2015 பிறந்த இரண்டாம் நாள் காங்கேசன்துறை. அன்றைய திகதியில் அண்ணையின் பெட்டிக்கு மூன்று பக்கச் சுவர் இருந்தது.

கிளிநொச்சிக்கு வண்டி வந்த புதிதில் எல்லோரும் பார்க்கப் போனோம். சனம் யன்னலுக்குக் கை காட்டியது. அண்ணை குந்தியிருந்து வண்டியின் அடியைப் பார்த்தார். கச்சான் விற்ற ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, என்னவும் விழுந்திட்டுதே?"

"பிரேக் கம்பி எப்பிடிப் போகுதெண்டு பாக்கிறன்."

ஆச்சி கச்சான் சரையை என்னிடம் நீட்டிவிட்டு, அவருக்குக் கேட்காமல், "கவனமாக் கூட்டிக்கொண்டு போ ராசா" என்றார்.

ஒருநாள் கூரைக்கு வைத்திருந்த குச்சி ஒன்று முறிந்தது. வன்னியில் மரத்துக்குப் பஞ்சமா என்பீர்கள். முதிரையையும் பாலையையும் தீக்குச்சித் தடிப்புக்குச் சீவிப் பாருங்கள், பிளேட்தான் முறியும். கடைசியில் ஐஸ்பழக் குச்சி சரிவந்தது. சரிவந்தது என்றால், பத்தில் ஒன்று. நாரோட்டம் நேராக இருக்க வேண்டுமாம். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சித்திரை முழுக்க ஐஸ்பழம். இரண்டு பேருக்குத் தடிமன்.

பிறகு நிறை. அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது: வண்டிக்கு ஒரு அவுன்சு, அதற்குமேல் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சு. நிறை காணாவிட்டால் வளைவில் பெட்டி தடம் புரளும். ஐந்தரை அங்குலத்துக்கு மூன்றே முக்கால் அவுன்சு, அதாவது 106 கிராம். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் அரைவாசியும் இல்லை. முல்லைத்தீவிலிருந்து வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு தருவித்துத் தரைப்பலகைக்கு அடியில் ஒட்டினார். ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை கடைக்கு நடந்தார். சீரகம் வாங்க நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இப்படியான ஆட்களோடு வாய்கொடுக்கக் கூடாதென்று ஊருக்குத் தெரியும்.

2018 டிசெம்பர் வெள்ளத்தில் தண்ணி முற்றத்தைத் தாண்டி ஏறியது. அண்ணையின் மனிசி, எங்கள் அக்கா, காணி உறுதியையும் அரிசிச் சாக்கையும் பார்த்தார். அண்ணை பெட்டியை பிஸ்கற் ரின்னில் பஞ்சு சுற்றி வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு நடந்தார். ரின்னைக் கண்ட பிள்ளைகள் பின்னால் வரிசை கட்டின. பிஸ்கற் இல்லை என்று அவர் சொன்னதை ஒரு பிள்ளையும் நம்பவில்லை. பெட்டி நனையவில்லை, ஆனால் ஈரக்காற்றுக்கு நாலாம் சுவர் நெளிந்துபோயிற்று. திரும்பவும் முதலிலிருந்து.

அக்கா ஒரு கோழிக்கூடு கேட்டு வருசக்கணக்காகிறது. "வீட்டில ஒரு தச்சன் இருக்கேக்க வெளியாளுக்கு ஏன் காசு?" என்பார் அண்ணை. போன மாதம் மரநாய் இரண்டு பேட்டைக் கொண்டுபோன பிறகு அக்கா ஒருத்தரையும் கேட்காமல் தச்சுவேலைப் பொடியனைக் கூப்பிட்டுவிட்டார். காலை எட்டுக்கு வந்தான். பின்னேரம் மூன்றுக்குக் கூரைத் தகரமும் அடித்து, கோழிகளையும் உள்ளே விட்டு, பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

அண்ணை மூலைமட்டத்தோடு போய்க் கூட்டைச் சுற்றி வந்தார். ஒரு மூலையில் நெடுநேரம் நின்றார்.

"தம்பி, இந்தச் சட்டம் அரைக்கால் அங்குலம் சரிவு."

"கோழிக்குத் தெரியாது அண்ணை."

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பாத்தீரே? இந்தக் காலத்தில ஒருத்தனும் எடுத்த வேலையை ஒழுங்கா முடிக்கிறேல்லை."