தாய்மாமன் சீர்: ஒரு சோடி காலுறை

தாய்மாமனுக்கென்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் வேலைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதைவிட அதிகமாக முகத்தைச் சுளிக்க வேண்டும். பெரியபிள்ளையானால் குச்சு கட்ட வேண்டும், சீர்த்தட்டு தூக்க வேண்டும். கல்யாணத்தன்று ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துப் பந்தலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும்; நாலு பேர் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை உள்ளே வரக்கூடாது. இவை அனைத்துக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். மருமகள் பாலே ஆடுவதற்குக் காலுறை தேடிப் புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை அந்தப் பட்டியலில் இல்லை.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். பாடசாலையில் பரதம் படிக்கிறாள். தமிழ்மொழித் தினப் போட்டியில் அவள் குழு நடனம் ஆடியதை ஒரு கொழும்பு அம்மையார் பார்த்திருக்கிறார். ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பில் பாலே பயிற்சி நடக்கிறது, பணம் கட்ட வேண்டாம், அனுப்பி வையுங்கள் என்று கடிதம் வந்தது. அதில் ‘கோடைக்காலப் பயிற்சி’ என்று போட்டிருந்தது. லண்டன்காரர்களுக்கு ஆகஸ்ட் கோடை. எங்களுக்கு அது தென்மேல் பருவமழை. லயத்துக் கூரை ஒழுகும், இடுப்பில் கட்டும் படங்கு காயாது, அட்டைக்கு மட்டும் நல்ல காலம். கொழும்பில் உள்ளவர்கள் ஏப்ரல் மாதம் குளிரைத் தேடி நுவரெலியாவுக்கு வந்து, குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் பார்த்து, கிரகரி வாவியோரம் ஸ்வெட்டரோடு படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆகஸ்டில் நாங்கள் இறங்கிப்போய் வியர்த்துவிட்டு வந்தால் கணக்கு சரியாகிவிடும்தானே.

அக்காவை மசிய வைக்க எனக்குத் தெரிந்த பெரிய துருப்பை இறக்கினேன். “கலாக்ஷேத்திரா தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் யாரு தெரியுமா? அவங்க முதல்ல கத்துக்கிட்டதே பாலேதான். ரஷ்யாவுல இருந்து வந்த அன்னா பாவ்லோவாவைச் சந்திச்சாங்க. அவங்க குழுவுல இருந்த கிளியோ நோர்டிதான் சொல்லிக் குடுத்தாங்க.”

அக்கா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டாள். “அப்புறம்?”

“அப்புறம் பாவ்லோவாவே சொன்னாங்களாம், உங்க நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போய்க் கத்துக்கங்கன்னு. அதுக்கப்புறம்தான் ருக்மிணி தேவி பரதம் கத்துக்கிட்டு 1935-ல மேடை ஏறினாங்க. அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரா.”

“அப்ப அந்த வெள்ளக்காரம்மாவே நம்ம ஆட்டத்தைத்தான் கத்துக்கச் சொல்லியிருக்கு. இவ அதத்தானே இங்க கத்துக்கிறா? நீ என்னாத்துக்குத் தம்பி இவள அங்கிட்டு அனுப்புற?”

படித்தவன் படிக்காதவளிடம் வரலாறு சொல்லக்கூடாது. கடைசியில் காரியத்தை முடித்தது ருக்மிணி தேவி அல்ல, ‘பணம் கட்ட வேண்டாம்’ என்ற வரிதான்.

செய்தி லயத்தில் பரவ ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் போதும். பக்கத்துக் காம்பரா அம்மாயி இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “எந்த வூட்டுக்கு அனுப்புறீங்க?” என்றார். வீட்டுக்கு இல்லை, டான்ஸ் படிக்க என்றோம். “சம்பளம் எவ்வளவு தாராங்களாம்?” சம்பளம் கிடையாது என்றோம். அம்மாயிக்குக் கவலை கூடிவிட்டது. “சம்பளமே இல்லாமயா வேலைக்கு வைக்கிறாங்க? யூனியன் தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க.” மலையகத்துப் பிள்ளை பதினைந்து வயதில் கொழும்புக்கு ரயில் ஏறினால் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. அம்மாயியைக் குறை சொல்லி என்ன பயன், அவருடைய மகள் அந்த வயதில் அப்படித்தான் போனாள்.

கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலில் ‘தோல் நிறக் காலுறை’ என்று இருந்தது. இடுப்பிலிருந்து விரல் நுனிவரை ஒட்டிப்பிடிக்கும் உறை அது. நான் வேறு ஒரு வேலையாகக் கொழும்பு போயிருந்தபோது புறக்கோட்டையில் தேடினேன். எப்படியோ ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் மேசையில் விரித்துக் காட்டியது ரோஜா நிறம். “இது தோல் நிறமா?” என்றேன். “ஓம், ஸ்கின் கலர்” என்றார், கறுத்த கையால் அதைத் தடவியபடி. எங்கள் இருவர் தோலும் மேசைமீதுதான் இருந்தது. அதற்குமேல் விவாதிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அதைப் பிரித்த அக்கா, மகளின் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இது யாரோட தோலு?”

நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர்கள் பெரிய ஊர்களிலும் உண்டு. நியூயோர்க்கில் ஆர்தர் மிட்சல் 1969-ல் ஆரம்பித்த ஹார்லெம் நடனக் குழு, ரோஜா நிறத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1970களிலேயே அவரவர் தோலின் நிறத்தில் காலுறையும் காலணியும் அணிய வைத்தது. ஆனால் அப்போது கடைக்குப் போய்க் கேட்டு வாங்க முடியவில்லை. சாயம் தோய்த்தும் முகப்பூச்சைத் தடவியும் அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1929-லிருந்து பாலே காலணி தைக்கும் ஃபிரீட் ஒஃப் லண்டன் நிறுவனம் பழுப்பு நிறத்தில் காலணி கொண்டுவந்தது 2018-ல்தான். அத்தனை வருடமும் உலகத்துக்கு ஒரே தோல்.

இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாமலே அக்கா அடுப்பில் பானையை ஏற்றினாள். தோட்டத்தில் குறைவில்லாத சாயம் ஒன்றுதானே.

முதல் தோய்ச்சலில் ரோஜா நிறம் கொஞ்சம் அழுக்கானதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஓய்வுபெற்ற டீமேக்கர் ஐயாவிடம் ஆலோசனை கேட்கப் போனேன். அவர் எந்தத் தூள் போட்டீர்கள் என்று கேட்டார். நம்ம தோட்டத்துத் தூள்தான் என்றதும் முகம் சிவந்துவிட்டது. “ஏன் சேர், நம்ம மேட்டுத் தேயிலை சாயத்துக்கா? வாசத்துக்கு இல்லையா? நுவரெலியாத் தேயிலைய ஊத்தினா கோப்பைக்கு அடி தெரியணும், அதுதான் அதுக்கு அழகு. கறுப்பு வேணுமின்னா கீழ்நாட்டுக்குப் போங்க. ருகுணுத் தூள், சப்ரகமுவத் தூள். அதுல ஒரு கரண்டி போட்டா வேட்டியே கறுத்துரும்.” வாழ்நாள் முழுக்கப் பொன்னிறச் சாயத்துக்காகக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காய வைத்த மனிதரிடம் போய்க் காலுறைக்குக் கறுப்புச் சாயம் கேட்டிருக்கிறோம்.

ஆக, தேயிலைத் தோட்டத்தின் நடுவில் இருந்துகொண்டு டவுன் கடையில் இரத்தினபுரித் தூள் ஒரு பைக்கட் வாங்கினோம். 1867-ல் லூல்கந்துரையில் செடி நட்ட ஜேம்ஸ் டெய்லர் இப்படி ஒரு ஏற்பாட்டை நினைத்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார். தூளை முடிச்சாகக் கட்டிப் போட்டு, உப்பு சேர்த்து, கொதிக்க வைத்து, துணியை அமுக்கி வைத்தோம். எடுத்துப் பிழிந்தபோது மருமகளின் தோலுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு சாயல் கூடுதல். வெயிலில் நடக்கிற பிள்ளைக்கு அதுவும் பொருத்தம்தான் என்றாள் அக்கா.

ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியே “ஹோ” என்று கத்தியது, மருமகளும் கத்தினாள். ஹட்டன் தாண்டியதும் தூங்கிவிட்டாள். கொழும்புப் புழுக்கத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பயிற்சி நடந்த கட்டடத்தின் வாசலில் காவலாளி எங்களை ஒரு தடவை பார்த்தார். மருமகளின் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணை இரண்டு தடவை பார்த்தார். பிறகு பின்பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். வேலைக்கு வருகிறவர்களுக்கு அங்கே தனி வாசல். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தை ஒன்று கூட்டி எழுவாய் தேடிக்கொண்டிருந்தபோது, மருமகள் சுத்தமான சிங்களத்தில் “நான் ஆட வந்தேன்” என்றாள். அவர் நம்பவில்லை. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சீமெந்துத் தரையிலேயே அரைமண்டி போட்டு நின்றாள். ‘போய்த் தொலை’ என்பதற்கும் ‘வாங்க மகள்’ என்பதற்கும் நடுவில் ஏதோ சொல்லி, கதவைத் திறந்துவிட்டார்.

அந்த அரைமண்டி உள்ளேயும் உதவியது. பாலேயில் முதல் பாடம் பிளியே. முழங்காலை வெளிப்பக்கமாகத் திருப்பி மடக்குவது. கொழும்புப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவள் சும்மா உட்கார்ந்து எழும்பினாளாம். தேயிலை மலையில் பள்ளிக்கூடம் ஏறி இறங்கிய கால் வேறு. பிளியே, டான்டு, ரெலவே என்று எல்லாம் பிரெஞ்சுப் பெயர்கள். தானே மேடையேறி ஆடிய ராஜா பதினான்காம் லூயி 1661-ல் பாரிஸில் நடனத்துக்கென்று ஒரு சபை வைத்தார். அதன் பிறகு கொழும்பில் ஆடினாலும் பிரெஞ்சில்தான் குனிய வேண்டும்.

சிக்கல் குதிப்பதில் வந்தது. பரதத்தில் தட்டி ஆடிப் பழகிய பிள்ளை. குதித்து இறங்கினால் தரைக்குத் தெரிய வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். இங்கே அதுவே குற்றம். விரல், பாதம், குதிகால் என்று வரிசையாக இறங்கி, சத்தமே வரக்கூடாது. அவள் முதல் தடவை குதித்தபோது வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் கைத்தொலைபேசியிலிருந்து நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். நான் யாரோ எவரோ போல நகத்தைக் கடித்தேன்.

நுனிவிரலில் நிற்கும் அந்தக் காலணியை அவளுக்குக் கொடுக்கவே இல்லை. அதற்குக் கணுக்காலும் பாதமும் பலப்பட வருடக்கணக்கில் பயிற்சி வேண்டுமாம். அதுவும் நல்லதற்குத்தான். அந்தக் காலணியின் முனை இரும்போ மரமோ அல்ல. துணியையும் கடதாசியையும் பசை போட்டு அடுக்கி இறுக்கியது. பெரிய குழுக்களில் ஆடுகிறவர்கள் ஒரே இரவில் ஒரு சோடியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. பிறகு வீட்டில் விலையைச் சொன்னதும் அக்கா நாட்கூலியில் கணக்குப் போட்டாள்; தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு ‘பேர்’. அந்தக் கூலி 1000 ரூபாய் ஆவதற்கே வருடக்கணக்கில் கத்த வேண்டியிருந்தது; 2021-ல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. “ஒரு ராத்திரிக்கு இத்தன பேரா? நான் கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடுறாங்க” என்றாள்.

திரும்பி வந்த அன்று இஸ்தோப்பில் கூட்டம். விரலில் நிற்கத் தெரியாது என்று கேட்டதும் பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் முக்கியமானவர் என் அப்பா. அவர் இளவயதில் காமன் கூத்தில் ரதியாக ஆடியவர். மாசி மாதம் கம்பம் நட்டு, மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் செய்துவைத்து, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கும்வரை தப்புச் சத்தத்தில் தோட்டமே தூங்காது. ரதிக்கு விரதம் இருந்து, சேலை கட்டி, சலங்கை கட்டி ஆடுவது ஆம்பிளைகள்தான். அப்பா ரதியாக அழுதால் கங்காணிகூட அழுவார் என்று அப்பாவே சொல்வார்.

மருமகள் குதித்துக் காட்டினாள். அப்பா காதில் கை வைத்துக் கேட்டார். “குதிச்சியா?”

“குதிச்சேன் தாத்தா.”

“இறங்கினியா?”

“இறங்கிட்டேன்.”

“இன்னொரு தடவ குதி.” குதித்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். “ரயில் ஏத்திக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயி, இருந்த சத்தத்தையும் தொலைச்சுட்டுக் கூட்டியாந்திருக்கியேடா.”

கூத்து மாஸ்டருக்கு வேறு யோசனை. இந்த மாசியில் இவளையே ரதியாக ஆட வைத்தால் என்ன என்று கேட்டார். பொம்பளப்பிள்ளை எப்படி விரதம் இருந்து ரதி ஆட முடியும் என்று ஒரு கட்சி, ரதியே பொம்பளதானே என்று ஒரு கட்சி. கோயில் கமிட்டியில் பேசி, வழக்கம்போல இருவரும் கோபிக்காத ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ரதி வழக்கமான பையனே; அவனுக்கு இவள் பழக்கிவிடலாம். ஆறடி உயரம், கொழுந்து லொறியில் உதவியாளன். இப்போது பின்னேரங்களில் பிரட்டுக்களத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளியே செய்கிறான்.

“இது அரைமண்டிதானே? இதுக்கு எதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு?” என்று கேட்டான்.

“பிரெஞ்சு. முழங்கால வெளியே தள்ளுங்கண்ணே” என்றாள்.