கிளிஞ்சல் உபாசகர்

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துத் தென்மேற்குக் கரையை ஒட்டியுள்ள சானிபெல் தீவிற்குப் போகிறவர்கள் எல்லோரும் மன அமைதியை நாடியே போவதாகச் சொல்லிக்கொள்வார்கள். அதற்குத் தகுந்த இடந்தான் அது. 1974-ஆம் வருஷத்தில் தமக்கென்று தனி நகரசபை ஏற்படுத்திக்கொண்டு, மாடிக் கட்டடங்கள் விண்ணை முட்டாதபடி தடுத்து, சாலைச் சந்திகளில் சிவப்பு விளக்கு, பச்சை விளக்குக்கூட வேண்டாமென்று தள்ளிவிட்டு, தீவின் பெரும்பகுதியைப் பட்சி ஜாதிகளுக்கே விட்டுவைத்திருக்கும் புண்ணியவான்கள் அங்கே வசிக்கிறார்கள். கேலிச்சித்திரம் வரைந்து பிரசித்தி பெற்ற 'டிங்' டார்லிங்கின் பெயரால் அங்கே ஒரு சரணாலயமும் இருக்கிறது. அதன் சேற்றுநீரில் ரோஜா நிறக் கரண்டிவாயன் நாரைகள் இரை தேடும் காட்சி எவரையும் சொக்க வைக்கும்.

எவரையும் என்று சொன்னேனே, அதில் கிளிஞ்சல் உபாசகரைச் சேர்க்கலாகாது. ரோஜா நிற நாரை தலைக்கு மேலே பறந்தாலும் அதன் நிழல் மணலை மறைக்கிறதே என்றுதான் அவர் வருந்துவார். இடுப்புக்கு மேற்பட்ட தேகம் பூமிக்குச் சமாந்தரமாக மடிந்திருக்க, கையில் வலைப்பையும் கண்ணில் ஆசையுமாக அவர் ஊர்ந்து செல்லும் கோலத்துக்குச் 'சானிபெல் குனிவு' என்றே அவ்வூரார் நாமகரணம் செய்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துத் தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்க, இந்தத் தீவு மட்டும் கிழக்கு மேற்காக வளைந்து, ஏந்திய முறம்போல் நின்று, வளைகுடா தள்ளிவிடும் கிளிஞ்சல்களையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. அதனால் வந்த வினை இது.

அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது வருகின்றன என்பது நம் ஊர்ப் புரோகிதருக்குக்கூட மறந்து போகலாம், உபாசகருக்கு மறக்காது. அன்றைக்குத்தானே கடல் அதிக தூரம் உள்வாங்கும்! இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆமைகள் கரையேறி முட்டையிடும் மாதங்களில் அந்த விளக்குக்கும் தடை உண்டாகையால், நிலா வெளிச்சத்தில் தடவுவார். "சூரியோதயம் எவ்வளவு ரம்யமாக இருக்கிறது, பாருங்கள்" என்று தர்மபத்தினி சொன்னால், "விடிந்தேவிட்டதா? இனிமேல் கூட்டம் வந்துவிடுமே!" என்று பதறுவார். முந்திய இரவில் புயற்காற்று அடித்து, மற்றப் பிரயாணிகள் கலங்கிப்போயிருந்தால், அவர் முகத்தில் மட்டும் ஒரு தெய்வீகக் களை தென்படும்.

எதிரே இன்னொரு உபாசகர் குனிந்தபடியே வந்தால் சம்பாஷணை சுருக்கமாக முடியும்.

"ஏதாவது அகப்பட்டதா?"

"ஒன்றுமில்லை."

இருவர் பையும் கனத்துத் தொங்கும்.

இவருடைய ஜீவகாருண்யத்துக்குச் சோதனையாக அமைந்தது 1995-ஆம் ஆண்டு முதல் அமலில் இருக்கும் சட்டம். உள்ளே உயிருள்ள கிளிஞ்சலை எடுத்துச் செல்வது குற்றம். பளபளவென்று ஊனமில்லாத ஒரு சங்கை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்க்கிறார். வாசலில் ஒரு சந்நியாசி நண்டு கால் மேல் கால் போட்டு வீற்றிருக்கிறது. ஒரு பிராணி சௌக்கியமாக ஜீவித்திருப்பதைக் கண்டு அவ்வளவு துக்கப்பட்ட முகத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. கடலில் திரும்ப விடத்தான் விடுகிறார். ஆனால் விட்ட இடத்தை மறுநாளும் ஒரு முறை போய்ப் பார்க்கிறார்.

விடுதி வாசலில் கிளிஞ்சல் கழுவுவதற்கென்றே போட்டிருக்கும் மேஜைதான் இவர்களுடைய நியாயஸ்தலம். அவரவர் திரட்டியதை அங்கே பரப்பி, பிறர் திரட்டியதைக் கடைக்கண்ணால் அளந்து, "இந்த ரகம் என்னிடம் நிறைய இருக்கிறது" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் கூறிக்கொள்வார்கள். நாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தனை தவமும் ஜூனோனியா என்னும் ஒன்றுக்காகத்தான். வெளிறிய மேனியில் பழுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்த அந்தச் சங்கு ஆழ்கடல்வாசி. கரைக்கு வருவது மிக அபூர்வம். கடையில் காசு கொடுத்து வாங்கலாமே என்று கேட்டுவிடாதீர்கள். அது அவருடைய குலத்தையே பழித்ததாகும். கரையில் அதைக் கண்டெடுத்த பாக்கியசாலியின் படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிவருவதுண்டு. அப்படி ஒரு படம் வந்த அன்று நம் உபாசகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பத்திரிகையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெகு நேரம் உற்றுப் பார்த்து, மனைவியிடம் சாவதானமாகச் சொன்னார்:

"நுனி கொஞ்சம் மூளிதான்."