முதுகில் மூட்டை, முன்னால் குரங்கு

சாகசம் தேடி அம்பாசமுத்திரத்துக்கு வரும் இளந்தம்பதிகளை முதுகுப் பையே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே கூடாரம், கயிறு, நெற்றி விளக்கு. பாபநாசம் சோதனைச்சாவடியில் வனத்துறையினர் தேடுவதோ பிளாஸ்டிக் பையும் ஷாம்பு பாக்கெட்டும். கூடாரமா? 1988இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையில், கேட்காமல் இரவு தங்கும் உரிமை புலிக்குத்தான்.

"ராஃப்டிங் எல்லாம் உண்டா அண்ணாச்சி?"

"அகத்தியர் அருவியில தலையக் குடுத்துப் பாருங்க தம்பி, போதும்."

அது போதவில்லையென்றால், கையில் வாழைப்பழத்தோடு குரங்குகளைக் கடந்து படியேறலாம். அதுவும் போதாதவர்களுக்கு மாஞ்சோலைக்கு ஏறும் அரசுப் பேருந்து இருக்கிறது. தலைக்கவசம் கிடையாது, இடுப்புக் கயிறு கிடையாது. பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. கொண்டை ஊசி வளைவில் கண்டக்டர் எதையும் பிடிக்காமல் நின்று சில்லறை எண்ணுவார்.

உண்மையில் இந்தத் தடத்தின் மூத்த தம்பதி அகத்தியரும் லோபாமுத்திரையும். கயிலாயக் கல்யாணக் கூட்டத்தில் வடக்கு தாழ்ந்துவிட, உலகைச் சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் முனிவர். சாமான் ஒரு கமண்டலம். கல்யாணத்தைப் பார்க்க முடியாத குறைக்கு, பாபநாசத்தில் சிவனே மணக்கோலம் காட்டினார் என்கிறது தலபுராணம். கோயிலில் அந்தக் கோலத்தின் முன் இருவரும் இன்றும் நிற்கிறார்கள். செல்ஃபி எடுக்கவில்லை.

நம் தம்பதியின் பையில், பிரிக்காத கூடாரத்தின்மேல் இப்போது நான்கு கட்டு கல்லிடைக்குறிச்சி அப்பளம். ரயிலில் அதைத் தலைக்கு வைத்துப் படுக்கப் போன கணவனை மனைவி பார்த்த பார்வையில் பை மடிக்கு வந்துவிட்டது.