கொன்சாலஸ் நெய்த கரை

நியூ ஜெர்சியிலிருந்து அக்கா மகன் வந்திருக்கிறான். பன்னிரண்டு வயது. உடுப்பைவிடக் கனமாக ஒரு ஃபைல் கொண்டுவந்திருக்கிறான். பக்கத்துக்கு ஒன்பது அறை, அறைக்கு ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். எல்லோருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் சட்டை. பெரிய புள்ளிகளுக்கு அதன்மேல் கெட்டி பிளாஸ்டிக்கில் கோட்டும் உண்டு. ஒருவரை எடுத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"மாமா, ஓரத்த மட்டும் பிடிங்க."

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் வீட்டில் பிறந்தவன். ஜரிகையைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ள நாலு வயதிலேயே பழக்கப்பட்டவன். என்னிடம் சொல்கிறான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்தேன்.

அவர்கள் ஊரில் இதற்குப் பரீட்சை நடக்கிறதாம். கார்டை ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் நாலு மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து 1 முதல் 10 வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பத்து வாங்கினதை அப்புறம் திறக்கவே கூடாது.

"அப்ப எப்படிடா விளையாடுவே?"

மூலவரைத் தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் பல்லாங்குழி ஆடலாமா என்று கேட்டதுபோலப் பார்த்தான்.

பிறகு பொறுமையாக மாமாவுக்குப் பாடம் எடுத்தான். மிக்கி மேண்டில் என்று ஒருவர். 1952இல் டாப்ஸ் கம்பெனி பபிள்கம்மோடு போட்ட அவருடைய கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய். இதில் வேடிக்கை, அதே வருஷத்துக் கார்டுகளில் விற்காமல் தேங்கினதை 1960 வாக்கில் நியூயார்க் பக்கத்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொன்னது இது. அவ்வளவும் கரையில் இருந்திருந்தால் மேண்டிலுக்கு இந்த மரியாதை கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம். அவனிடம் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு தொகுப்பு இருந்தது என்று மட்டும் சொன்னேன். "எத்தன கார்டு மாமா?" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

1987இல் எனக்கு எட்டு வயது. பிக் ஃபன் பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் வரும், கூடவே இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று ஒரு கணக்கும். ரன்னைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு. அப்படிப் பரிசாக வந்த, வேகமாகப் புரட்டினால் பந்தடிக்கும் குட்டிப் புத்தகம் ஒன்றை மேட்டுத்தெரு பையன் ஒருவன் வைத்திருந்தான். எங்கள் தெரு முழுக்க அதைப் புரட்டிப் புரட்டி, பந்து மட்டைக்கு வரும் பக்கமே கிழிந்துவிட்டது. நான் ஒரு ரன்கூடக் கொடுத்துப் பரிசு வாங்கியதில்லை. கொடுத்தால் படம் போய்விடுமே.

அந்த வருஷம்தான் ரிலையன்ஸ் உலகக் கோப்பை. அக்டோபர் 9, சேப்பாக்கம், ஆஸ்திரேலியா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, டிவி இருந்த வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு கடைசி ஓவர்களைப் பார்த்தோம். 271 எடுக்க வேண்டிய இடத்தில் 269. ஒரு ரன்னில் தோற்றோம். மறுநாள் காலை எங்கள் தெருச் சந்தையில் விலைகள் மாறிவிட்டன. 73 அடித்த சித்துவுக்கு நாலு படம், 70 அடித்த ஸ்ரீகாந்துக்கு நம்ம ஊர்க்காரர் என்பதால் ஐந்து. கடைசி ஆளாக ஸ்டீவ் வாவிடம் போல்டான மணீந்தர் சிங்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இன்றைக்குக் கார்டு விலை இப்படி ஏறி இறங்குவதைக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் காட்டுகிறார்களாம். எங்களுக்கு அது திண்ணையிலேயே நடந்தது.

கம் வாங்கக் காசில்லாத வாரங்களில் சொந்தமாகவே அச்சடித்துக்கொள்வேன். முடிதிருத்தும் கடைப் பழைய பேப்பரில் கத்தரித்த முகம், சிகரெட் அட்டை, சோற்றுப் பசை. கீழே நீல மையில் ரன் கணக்கு. இது கள்ள நோட்டு என்று தெருவில் பஞ்சாயத்தே நடந்தது. போகட்டும், டிஜிட்டல் கிரிக்கெட் கார்டு விற்கும் கம்பெனிகளுக்குள் நடந்த வழக்கில், 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தபோது, ஆட்டக்காரரின் பெயரும் ஆட்டக் கணக்கும் எல்லோருக்கும் தெரிந்த பொதுத் தகவல், அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது. முப்பத்தாறு வருஷம் தாமதமாக எனக்கு விடுதலை. தீர்ப்பைப் படித்துக்காட்டப் பஞ்சாயத்தார்தான் ஊரில் இல்லை. ஒருவர் ஓசூரில், ஒருவர் துபாயில்.

அடுக்கி வைப்பதில்தான் என் உயிர் இருந்தது. முதலில் நாடுவாரியாக அடுக்கினேன். பிறகு ரன்வாரியாக. பிறகு யார் யாரை அவுட் ஆக்கினார்கள் என்கிற பகைவாரியாக. நெசவாளர் சொசைட்டியிலிருந்து வந்த சேலை அட்டைப்பெட்டிதான் என் ஃபைல். ரப்பர் பேண்டு வாங்க வழியில்லாததால், தறியடியில் விழும் பட்டு நூல் துண்டுகளால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்தேன். மேண்டிலுக்கு வாய்த்ததெல்லாம் பிளாஸ்டிக்தான். எங்கள் வீட்டு மணீந்தர் சிங் பட்டில் இருந்தார்.

"இன்னாடா இது, பொழுதன்னிக்கும் குப்பைய அடுக்கிக்கினு" என்பாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்திருப்பார். அவர் தலைக்கு மேல் பெட்டி. ஜக்கார்டை எங்கள் பக்கம் பெட்டி என்றுதான் சொல்வோம். அதிலிருந்து மாலை மாலையாக அட்டைகள் தொங்கும். ஊடை ஒரு முறை போக ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். இப்படி நூற்றுக்கணக்கான அட்டைகள் நம்பர் போட்டு, கயிற்றில் கோத்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் கரையில் ஒரு யாளி எழுந்து நிற்கும். ஒன்று மாறிக் கோத்தால் யாளிக்கு மூக்கு கோணும். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804இல் செய்த ஏற்பாடு. பிறகு கணிப்பொறிக்காரர்களுக்கும் இந்த ஓட்டை அட்டைதான் வழிகாட்டியது என்று கல்லூரியில் படித்தபோது வகுப்பே வியந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுக்கத் தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன், தலைக்கு மேலேயே வரிசை பிசகாமல் தொங்கினதை அண்ணாந்து பார்த்ததில்லை. அதிலே படம் இல்லையே!

1993 வாக்கில் கேபிள் டிவியும் கூடவே டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்தக் கார்டும் வந்தன. உயரம், எடை, மார்பு, புஜம், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. ஒன்றைச் சொல்லி இறக்கணும், பெரிய எண் வைத்திருப்பவன் அள்ளிக்கொள்வான். எடை என்றால் யோகோசூனா. உயரம் என்றால் ஜெயன்ட் கொன்சாலஸ், 8 அடி. கைலாசநாதர் கோயில் பக்கம் மரத்தடியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆடி அந்தக் கொன்சாலஸைப் பிடித்தேன். பதினாலு வயதில் இதெல்லாம் ஓர் ஆட்டமா என்று கேட்காதீர்கள். ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

அது ஐப்பசி. மழைக்காலம் வந்தால் அட்டை ஈரம் இழுத்து வளைந்துகொள்ளும், ஊசி இடம் தப்பிக் குத்தும், ஓட்டையைச் சுற்றிக் கிழியும். கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. கோர்வைச் சேலை, மூன்று நாடா, அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், தறி ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் அட்டைகள் புரள, நடுவில் ஒன்றிலிருந்து கொன்சாலஸ் என்னைப் பார்த்துவிட்டுப் போனார். இடுப்புவரைதான் இருந்தார். மார்பிலும் நெற்றியிலும் வரிசையாக ஓட்டைகள்.

"கெட்டியா நல்ல அட்டைடா. கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போட சரியா இருந்துது" என்றார் அப்பா. பாராட்டுகிற குரல்.

மூன்று நாள் நான் பேசவில்லை. ஆனால் நாடா தள்ளினேன். யாளி ஒவ்வொரு முறை முடியும்போதும் கொன்சாலஸ் ஒரு தடவை வந்து போவார்.

இப்போது மருமகன் சொல்லித்தான் தெரிகிறது. ஆட்டக்காரர் கார்டு என்பதே ஆரம்பத்தில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்கச் செருகின கெட்டி அட்டையாம். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1896லேயே கிரிக்கெட்காரர்கள் 50 பேரைப் போட்டிருக்கிறது. அட்டை முதலில் பார்த்த வேலையையே அப்பா அதற்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்குத்தான் படம் தெரிந்தது.

மீதிக் கட்டுகள் ஒரு போகியில் போயின. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவிழ்த்து எடுத்துக்கொண்ட பட்டு நூலை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். அப்பாவின் அட்டை மாலைகள், அவர் தறியை விட்டு இறங்கினபின் கிலோ கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போயின. இன்றைக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்களிடம் யாளி பென் டிரைவில் இருக்கிறது. போன மாதம் சென்னையில் ஒரு துணிக்கடைச் சுவரில் பழைய ஜக்கார்டு அட்டைகளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள், விளக்கெல்லாம் வைத்து. பக்கத்தில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காவலாளி வந்து, தொடாமல் பார்க்கச் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஓட்டை போட்டா மார்க் 1தான் மாமா. அதுக்கும் கீழ கிடையாது."

"சரிதான்."

"அந்த ஸாரி யார்கிட்ட இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? சொசைட்டிக்குப் போனது, அங்கிருந்து ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கும். முகூர்த்தத்தன்று ஒருநாள் கட்டியிருப்பார்கள். அப்புறம் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி பீரோ மேல்தட்டில் வைத்திருப்பார்கள், பேத்தி வந்து தொட்டால்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வா என்று சொல்லிக்கொண்டு.

"அப்ப அது மிண்ட் கண்டிஷனா மாமா?"

"வருஷா வருஷம் மடிப்பு மாத்தி வெச்சிருந்தா" என்றேன்.